ஆஸ்தே: ஜாதவ்பூர்ச் சாலையில் கால் பழகிய வரலாறு

கொல்கத்தாவின் தனியார் பேருந்துகளில் நடத்துநர் எழுப்பும் குரல் ஒன்று உண்டு: "ஆஸ்தே லேடீஸ்!" பெண் ஒருவர் இறங்குகிறார், வண்டியை மெல்ல விடு என்று ஓட்டுநருக்குச் சொல்வது அது. இறங்குபவரின் இடுப்பில் குழந்தை இருந்தால் "கோலே பாச்சா" என்று இன்னொரு சொல் சேரும். சொல்லிக்கொண்டே பேருந்தின் தகரப் பக்கத்தை உள்ளங்கையால் தட்டுவார். ஜாதவ்பூரின் 8பி நிறுத்தத்தில் இக்குரலை நாள் முழுவதும் கேட்கலாம். (பேருந்துத் தட எண் ஒன்று இடப்பெயராகவே நிலைத்துவிட்ட ஊர் அது. "எட்டு பி"யில் இறங்கு என்றால் எந்த எட்டு என்று அங்கே எவரும் கேட்பதில்லை.)

வங்காளத்தில் "ஆஸ்தே" என்பதற்கு வேகக் குறைவு என்றும் பொருள், மென்மை என்றும் பொருள். தாழ்ந்த குரலில் பேசுவதற்கும் அதே சொல்தான். தமிழில் "மெல்ல" என்பது அப்படியே. மென்மையின் வேரிலிருந்து கிளைத்த சொல் வேகத்தையும் அளக்கிறது. இரு மொழிகளும் ஒரே இடத்தில் ஒரே முடிச்சைப் போட்டிருக்கின்றன. அன்றாட வாழ்வில் இந்த முடிச்சு யாருக்கும் இடையூறு செய்வதில்லை. கியர் வண்டி பழகுபவருக்கு மட்டும் அது சிக்கலாகிவிடுகிறது. ஏனெனில் கியர் வண்டியில் மென்மையும் மெதுவும் ஒன்றல்ல. கிளட்சை மிதிப்பது சட்டென நிகழ வேண்டும்; அதை விடுவது மெதுவாக நிகழ வேண்டும்; விடுவதிலும் முதற்பாதி விரைவு, பிடிப்பு தொடங்கும் புள்ளியில் ஒரு நிதானம், அதன்பின் மீண்டும் விரைவு. "மெல்ல விடு" என்ற ஒற்றைக் கட்டளைக்குள் மூன்று வேகங்கள் மறைந்திருக்கின்றன. கற்பிப்பவரின் காலுக்கு அது தெரியும், நாவுக்குத் தெரியாது.

இத்தொல்லையின் வேர் எந்திரத்தில் இருக்கிறது. நீராவி எந்திரம் நின்ற நிலையிலிருந்தே முழு வலுவோடு இழுக்க வல்லது. பெட்ரோல் எந்திரத்தால் அது இயலாது; குறைந்தபட்ச வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால்தான் அது உயிரோடிருக்கும். சக்கரமோ நின்றுகொண்டிருக்கிறது. சுழலும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் இணைக்க வேண்டுமானால் இடையில் ஏதாவது ஒன்று உரசியாக வேண்டும். அந்த உரசலுக்கான வட்டத் தகடே கிளட்ச். அதன் உரசலில் இரு வேகங்களும் படிப்படியாக ஒன்றாகின்றன. அந்த ஓரிரு நொடிகளை எந்திரம் தானாகச் செய்துகொள்ளாமல் ஓட்டுபவரின் இடக்காலிடம் ஒப்படைத்துவிட்டது. வரலாற்று நோக்கில் இது வியப்பான ஏற்பாடு. தொழிற்புரட்சி மனிதத் திறனை ஒவ்வொன்றாக எந்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், மோட்டார் வண்டி மட்டும் ஒரு புதிய உடல்திறனை மனிதரிடம் கேட்டது.

1890களில் பிரான்சின் பனார் லெவாசோர் நிறுவனத்தில் எமில் லெவாசோர் அமைத்த நகரும் பற்சக்கரக் கியர்ப்பெட்டியே பின்வந்த அனைத்துக்கும் முன்மாதிரி. "முரட்டுத்தனமானதுதான், ஆனால் வேலை செய்கிறது" என்று அவரே அதைப் பற்றிச் சொன்னதாகக் கூறுவர். முரட்டுத்தனம் என்றது மிகையன்று. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பற்சக்கரங்களைக் கையால் நகர்த்தி ஒன்றோடொன்று கடிக்கச் செய்ய வேண்டும். வேகம் பொருந்தாவிட்டால் பல் அரைபடும் ஓசை தெருக்கோடிவரை கேட்கும். இதற்காகவே இரட்டைக் கிளட்ச் என்ற முறை பிறந்தது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருதல், கிளட்சை விடுதல், கீழ்க் கியருக்குப் போவதானால் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை தட்டிப் பற்சக்கரத்தின் வேகத்தை உயர்த்துதல், மீண்டும் கிளட்சை மிதித்துக் கியரைப் போடுதல். மேல் கியருக்குப் போவதானால் தட்டல் இல்லை, காத்திருத்தல் உண்டு. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக் காதுதான் சொல்லும்.

அமெரிக்காவில் ஏர்ல் தாம்சன் என்பவர் வடிவமைத்த ஒத்திசைவுக் கியர்ப்பெட்டி 1928இல் காடிலாக் வண்டிகளில் வந்தது. பற்கள் கடிப்பதற்கு முன்பே சிறிய கூம்புகள் உரசி வேகத்தைச் சமன்செய்துவிடும். காது செய்துவந்த வேலையில் பெரும்பகுதி அன்றே எந்திரத்துக்குப் போயிற்று. ஆனால் இந்தியச் சாலைகளை அது எட்டுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. லாரிகளை எட்டுவதற்கு இன்னும் நெடுங்காலம்.

ஜாதவ்பூரின் கதை இங்கே சேர்கிறது. சுதேசி இயக்கத்தின் எழுச்சியில் 1906இல் தேசியக் கல்விக் கழகமும் வங்காளத் தொழில்நுட்ப நிலையமும் தோன்றின. கல்விக் கழகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அளித்த சுபோத் சந்திர மல்லிக்கின் பெயரை இன்று ஜாதவ்பூரின் முதன்மைச் சாலை தாங்கி நிற்கிறது. 1920களில் அந்நிறுவனம் ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்தது, 1955இல் பல்கலைக்கழகமாயிற்று. அயலார் தயவின்றி நம்மவர் எந்திரம் கற்க வேண்டும் என்பது அதன் கனவு. அங்கே எந்திரவியல் பாடமாயிற்று. எந்திரத்தை ஓட்டுவது பாடமாகவில்லை. கிளட்ச்த் தகட்டின் உராய்வுக் கெழுவைக் கணக்கிட்டவர் பட்டதாரி; அதே தகட்டைக் குதிகாலால் உணர்ந்தவர் வெறும் டிரைவர். இந்தப் பிரிவினையை யாரும் திட்டமிட்டு ஏற்படுத்தவில்லை. எழுத்துக்குள் அடங்கும் அறிவையே கல்வியென ஏற்ற சமூகத்தில் அது தானாக நேர்ந்தது. சுதேசிக் கனவின் மிகப்பெரிய குறையென அதைச் சொல்லலாம்.

டிரைவர்கள் உருவான இடம் வேறு. இரண்டாம் உலகப்போரின்போது ஜாதவ்பூரில் இராணுவ முகாம் இருந்தது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் அந்தக் கைவிடப்பட்ட கொட்டகைகளில் குடியேறினர். பிஜய்கட் குடியிருப்பு அப்படித்தான் எழுந்தது. சுற்றிலும் ஆசாத்கட், நேதாஜி நகர் என்று மேலும் பல குடியிருப்புகள் வளர்ந்தன. போர் முடிந்தபின் கழிக்கப்பட்ட இராணுவ லாரிகள் நாடெங்கும் சரக்கு வண்டிகளாகவும் பேருந்துகளாகவும் உருமாறிய காலம் அது. ஒத்திசைவில்லாத அந்தக் கியர்ப்பெட்டிகள் பழகுபவரிடம் இரக்கம் காட்டுபவை அல்ல.

கற்பித்தலும் பள்ளிக்கூட முறையில் நடக்கவில்லை. வண்டியில் ஓட்டுநர் "உஸ்தாத்". உடன் செல்லும் இளைஞன் "கலாசி". உஸ்தாத் பாரசீகச் சொல். இசை ஆசானையும் அச்சொல்லால்தான் அழைப்பர். கலாசி கப்பலிலும் துறைமுகத்திலும் உழைத்தவரைக் குறித்த சொல். துறைமுகத்திலிருந்து சாலைக்கு ஏறியது. தமிழ்நாட்டில் அதே இடத்தில் "கிளீனர்" இருக்கிறார். கலாசி முதலில் வண்டி கழுவுவார், சக்கரம் கழற்றுவார், பின்னோக்கி வரும்போது கூவிக் கைகாட்டுவார். ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்து ஒலியைக் கேட்பார். எந்த ஒலியில் உஸ்தாதின் கை அசைகிறது என்பது காதில் ஊறியபின்பே, ஆளற்ற சாலையில் ஒரு விடியற்காலை, ஸ்டியரிங் அவர் கைக்கு வரும். குருகுலம் என்று இதைப் புனிதப்படுத்துவது தவறு. கூலி குறைவு, வசவு மிகுதி, சில வேளைகளில் அடியும் உண்டு. ஆயினும் காது முதலில், கை அடுத்து, கால் கடைசியில் என்ற அந்த வரிசையில் கற்பித்தலின் நுட்பம் இருந்தது. இன்றைய பயிற்சிப் பள்ளிகள் அவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன.

நகரின் டாக்சிகளில் நெடுங்காலம் கோலோச்சியவர்கள் சீக்கியர்கள். பவானிபூர் அவர்களுடைய மையம். பஞ்சாபுக்கு வெளியே வாழும் சீக்கியரைப் பற்றி, குறிப்பாகக் கிழக்கிந்தியச் சீக்கியரைப் பற்றி, விரிவாக ஆராய்ந்த ஹிமாத்ரி பானர்ஜி ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் குருநானக் பேராசிரியராக இருந்தவர் என்பது பொருத்தமான தற்செயல். பின்னாளில் டாக்சி ஓட்டும் தொழில் பெருமளவுக்குப் பீகாரிலிருந்து வந்தவர்கள் கைக்கு மாறியது. சொல்வழக்கில் மூன்று மொழிகளும் கலந்தன. வங்காளத்தில் ஸ்டார்ட் "கொடுக்கப்படுகிறது", பிரேக் "இறுக்கப்படுகிறது". தமிழில் பிரேக்கைப் போடலாம், பிடிக்கலாம், அடிக்கவும் செய்யலாம். பெயர்ச்சொல் எங்கும் ஆங்கிலமே. வினை மட்டும் அந்தந்த ஊரின் உடலிலிருந்து வருகிறது.

ஹூக்ளி ஆற்றின் மறுகரையில், உத்தர்பாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை இயங்கியது. பிர்லா குழுமம் 1942இல் தொடங்கிய அந்நிறுவனம் 1948இல் குஜராத்தின் ஓகாவிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியைத் தழுவிய லாண்ட்மாஸ்டர் 1954இல் வந்தது. அதே வரிசையின் மூன்றாம் வடிவம் 1950களின் இறுதியில் அம்பாசடர் ஆயிற்று. கொல்கத்தாவில் கார் பழகுவது என்றால் அதன்பின் இரண்டு தலைமுறைகளுக்கு அம்பாசடர் பழகுவது என்றே பொருள்.

அதன் கியர்க் கம்பி தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் இருந்தது. முன்னிருக்கை ஒரே நீள இருக்கை என்பதால் மூவர் அமர அது வழிவிட்டது. நான்கு கியர்கள், இரண்டு, மூன்று, நான்குக்கு ஒத்திசைவு உண்டு, முதல் கியருக்கு இல்லை. ஆகவே வண்டி முற்றிலும் நிற்கும்வரை முதல் கியருக்குத் திரும்பாதே என்பது ஒவ்வொரு கற்பவருக்கும் சொல்லப்பட்ட விதி. ஊர்ந்து செல்லும் நெரிசலில் இரண்டாம் கியரிலேயே எந்திரத்தைத் திணறாமல் காப்பது தேர்ந்தவரின் அடையாளமாயிற்று. தண்டிலிருந்து கியர்ப்பெட்டிவரை செல்லும் இணைப்புக் கம்பிகள் தேய்ந்தால் கியர் இடையில் சிக்கிக்கொள்ளும். ஓட்டுநர் இறங்கி, பானெட்டைத் திறந்து, கையால் அதை விடுவித்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல் வந்தமர்வார். பயணியும் ஒன்றும் நடவாதது போலவே அமர்ந்திருப்பார்.

ஒவ்வொரு நகரத்தின் கையும் வெவ்வேறாகப் பழகியது. பம்பாயின் ஃபியட்டிலும் கியர் ஸ்டியரிங் தண்டில்தான். சென்னையின் ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு வண்டியிலோ கியர் தரையிலிருந்து எழுந்தது. லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஹெரால்டில் பழகி வந்தவர் எவரேனும் இருந்திருப்பின், அம்பாசடரில் அமர்ந்ததும் அவருடைய இடக்கை வெறும் காற்றைத்தான் பற்றியிருக்கும்.

கொல்கத்தா ஆற்றுப்படுகை நகரம். கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னே உருளாமல் மீண்டும் எடுப்பதே கிளட்ச் பழக்கத்தின் கடைசித் தேர்வு. அதற்கு இங்கே மலை ஏது? தண்டவாளத்தைக் கடக்கும் மேம்பாலங்களே இந்நகரின் மலைகள். ஜாதவ்பூர்க்காரருக்கு வடக்கே டாக்குரியா பாலம், கிழக்கே சந்தோஷ்பூர் நோக்கிச் செல்லும் சுகாந்த சேது. இளவயதில் 1947இல் ஜாதவ்பூர்க் காசநோய் மருத்துவமனையில் மறைந்த கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யாவின் பெயர் தாங்கிய பாலம் அது. பாலத்தின் ஏறுமுகத்தில் வரிசை நிற்கும்போது, முன்னே ஒரு ரிக்‌ஷா, பின்னே முட்டிக்கொண்டு ஒரு மினிபஸ். "எல்" பலகை மாட்டிய வண்டிக்குள் இருப்பவரின் இடக்கால் நடுங்குவது அங்கேதான்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி ஓட்டுநர் தேர்வைப் பற்றியது. கியர்களை வரிசையாக மாற்றி உச்சக் கியரை எட்டுதல், நெரிசல் கோரும்போது விரைந்து கீழ்க் கியருக்கு வருதல், செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பின்னே உருளாமல் மீண்டும் எடுத்தல் ஆகியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. ஏற்றத்துக்குக் கைப்பிரேக்கையோ, ஆக்ஸிலேட்டரையும் கால்பிரேக்கையுமோ முறையாகப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. கிளட்சைப் பற்றி அவ்விடத்தில் பேச்சில்லை. சாலையின் நடைமுறையோ முற்றிலும் கிளட்சில் நிற்கிறது. கைப்பிரேக்கைத் தொடாமல், கிளட்சைப் பாதியில் நிறுத்தி, எந்திரத்தின் இழுப்பும் ஏற்றத்தின் சரிவும் சமன்படும் புள்ளியில் வண்டியை அந்தரத்தில் நிறுத்திவைப்பதே ஓட்டுநரிடையே மதிக்கப்படும் திறன். அதற்கு "ஹாஃப் கிளட்ச்" என்று பெயர். பொறியாளர் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்: தகடு வீணாக உரசித் தேய்கிறது, கருகிய வாடை எழுகிறது. அவர் சொல்வது சரியே. ஆனால் தகட்டின் விலையையும் பின்வண்டியில் மோதினால் நேரும் தகராறையும் ஒருசேர எடைபோடுபவர் ஓட்டுநர். அவருடைய கணக்கில் தகடு மலிவு.

இவ்விடத்தில் மொழி இன்னொரு விளையாட்டையும் காட்டுகிறது. கிளட்ச் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பற்றுதல் என்று பொருள். பொறியியல் நூலில் கிளட்ச் விடுபட்டது என்றால் எந்திரமும் சக்கரமும் பிரிந்துவிட்டன என்று பொருள். பயிற்றுநர் "கிளட்சை விடு" என்றாலோ, மிதியிலிருந்து காலை எடு, அதாவது இரண்டையும் சேர் என்று பொருள். நூலின் "விடு"வும் சாலையின் "விடு"வும் நேரெதிர். தமிழில் மோட்டார் சைக்கிள் பழகுபவரிடம் "கிளட்சைப் பிடி" என்றால் இணைப்பைத் துண்டி என்பதே கருத்து. சொல்லோ பற்றச் சொல்கிறது. இருந்தும் எவரும் குழம்புவதில்லை. கற்பவரின் கவனம் தகட்டில் இல்லை, தன் உடலில் இருக்கிறது. சொல் உடலைச் சுட்டுகிறது. தகடு உள்ளே அதன் போக்கில் எதிர்வினை ஆற்றிக்கொள்கிறது.

எந்திரத்தை உயிராகப் பாவிக்கும் இந்த மனநிலையை ரித்விக் கட்டக் 1958இல் "அஜாந்த்ரிக்" திரைப்படத்தில் மையமாக்கினார். சுபோத் கோஷின் சிறுகதையைத் தழுவிய படம். பிமல் என்ற டாக்சி ஓட்டுநர், அவருடைய பழைய செவ்ரோலே வண்டி. அதற்கு ஜகத்தல் என்று பெயர். ஊரார் அவரைப் பித்தரென்று நகைக்கின்றனர். அப்படத்தை நவீனத்துக்கும் தொன்மைக்கும் இடையிலான உருவகமென்று வாசிப்பது வழக்கம். அவ்வாசிப்பு தவறன்று, ஆயினும் ஒத்திசைவற்ற கியர்ப்பெட்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டிய எவருக்கும் பிமலின் நடத்தை உருவகமாகத் தோன்றாது. வண்டியோடு பேசாவிட்டாலும் அது பேசுவதைக் கேட்டே ஆக வேண்டும். கேட்காதவருக்குப் பல் உடையும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எடை குறைவு, மிதி இலகு, கியர் தரையில். பயிற்சிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக அம்பாசடரைக் கைவிட்டன. பயிற்றுநர் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் பொருத்தப்பட்ட வண்டிகளில், கற்பவரின் பிழையை அருகிலிருப்பவரின் கால் ஓசையின்றித் திருத்திவிடுகிறது. பெண்கள் பெருமளவில் ஓட்டப் பழகியதும் இந்தக் காலத்திலேதான். எடைமிகுந்த மிதியும் "உஸ்தாத்" உலகின் வசவும் அவர்களை அதுவரை வெளியே நிறுத்தியிருந்தன. கடினமான எந்திரத்தின் அழகைப் போற்றுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

2008 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம், மாசு கருதி, பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களை மாநகரப் பகுதியிலிருந்து விலக்க ஆணையிட்டது. 2009இல் அது நடைமுறைக்கு வந்தது. நகரின் மூச்சுக்கு அது தேவைப்பட்டது. பழைய பேருந்துகளையும் டாக்சிகளையும் நம்பியிருந்தவர்களுக்கு அது கடனாக வந்து சேர்ந்தது. 2014 மே 24 அன்று உத்தர்பாரா ஆலை வேலைநிறுத்தி வைப்பை அறிவித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வாயிலுக்கு வெளியே நின்றனர். 2017இல் அம்பாசடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவுக்கு விற்கப்பட்டது. கியர்ப்பெட்டியைக் கொடுத்த நாட்டுக்கே பெயர் போய்ச் சேர்ந்தது.

அதே 2014இன் பிப்ரவரியில், உத்தர்பாரா மூடப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு, மாருதி நிறுவனம் செலேரியோ வண்டியைத் தானே கியர் மாற்றும் அமைப்போடு எளிய விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தானியங்கி என்று அதை அழைத்தாலும் உள்ளே இருப்பது வழக்கமான கியர்ப்பெட்டியும் வழக்கமான கிளட்ச்த் தகடுமே. மிதிதான் இல்லை. இடக்காலின் வேலையை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒரு கருவி செய்கிறது. உரிமம் வழங்கும் சட்டமோ இதைக் கண்டுகொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளுக்குக் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று பிரிவு வைத்த இந்தியச் சட்டம், காருக்கு அப்படியொரு பிரிவை வைக்கவில்லை. கிளட்சைத் தொட்டறியாத ஒருவர் நாளையே ஒரு கியர் வண்டியை எடுத்துக்கொண்டு சுகாந்த சேதுவில் ஏறலாம், அதற்குத் தடையில்லை.

இந்த எளிய தானியங்கிகளில் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும் கணத்தில் ஒரு சிறு இழுப்பு உண்டு. அமர்ந்திருப்பவரின் தலை முன்னே சாய்ந்து மீளும். வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே அதற்கு ஒரு கைவைத்தியம் கண்டுகொள்கின்றனர். கியர் மாறப்போகும் ஒலி எழும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்தி, மாறி முடிந்ததும் மீண்டும் அழுத்துகின்றனர். அந்தக் கணம் எப்போது வரும் என்பதை வேகமானியைப் பார்த்து அறிய முடியாது. காதால் கேட்கிறார்கள்.